உயரம் ஏற நேரமில்லை: சிங்கப்பூர் வானில் சண்டை விமானிகள்

சிங்கப்பூரில் முதல் விமானம் பறந்தது இன்றைய லிட்டில் இந்தியாவின் ஓரத்தில். 1911 மார்ச் 16 அன்று பெல்ஜிய விமானி ஜோசப் கிறிஸ்டியான்ஸ், ஃபேரர் பார்க் குதிரைப் பந்தயத் திடலிலிருந்து பிரிஸ்டல் பாக்ஸ்கைட் என்ற விமானத்தை மேலே கிளப்பினார். ரேஸ்கோர்ஸ் சாலைக்குப் பெயர் வந்தது அந்தத் திடலால்தான். அப்போது விமானம் வெறும் வேடிக்கைப் பொருள். அதில் துப்பாக்கியைப் பொருத்தி இன்னொரு விமானத்தை வீழ்த்துவது ஒரு தொழிலாக உருவாக இன்னும் நான்கு ஆண்டுகள் இருந்தன.

முதல் உலகப் போரின்போது, 1915 ஏப்ரலில், பிரெஞ்சு விமானி ரோலான் காரோஸ் தம் விமானத்தின் சுழல்விசிறிக்கு உலோகத் தகடு பொருத்தி, அதன் ஊடாகவே சுட்டார். தமிழ் வம்சாவளியினர் திரளாக வாழும் ரெயூனியன் தீவில் பிறந்தவர் இவர். சில மாதங்களில் ஜெர்மானியரின் ஃபோக்கர் விமானங்களில் அதைவிட மேலான ஏற்பாடு வந்தது. விசிறியின் இதழ் துப்பாக்கிக் குழலுக்கு நேரே வரும்போது மட்டும் குண்டு வெளிப்படாமல் தடுக்கும் பொறி அது. இதன் பிறகு விமானமே ஆயுதமாயிற்று. எதிரியை நோக்கி விமானத்தைத் திருப்பினாலே குறிபார்த்தது போல.

இந்தச் சண்டைக்கு முதலில் விதி எழுதியவர் ஜெர்மானிய விமானி ஆஸ்வால்ட் போல்க்கே. 1916-ல் அவர் வகுத்த விதிகள் பார்வைக்கு எளியவை. தாக்குமுன் சாதகமான இடத்தைப் பிடிக்க வேண்டும், முடிந்தால் சூரியனை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொள்ள வேண்டும். மிக நெருங்கிய பிறகே சுட வேண்டும், எதிரியைக் கண்ணிலிருந்து தப்பவிடக் கூடாது. இவற்றுக்கெல்லாம் அடிப்படை உயரம். மேலே இருப்பவனே சண்டையைத் தொடங்குவதா, விட்டுவிட்டுப் போவதா என்று முடிவு செய்வான். கீழே இருப்பவனுக்கு அந்தத் தேர்வு இல்லை. போல்க்கே அதே ஆண்டு அக்டோபர் 28 அன்று தம் அணியைச் சேர்ந்த விமானத்துடனேயே மோதி இறந்தார். விதிகள் நிலைத்தன.

அந்த விமானிகளின் அன்றாட வாழ்க்கை கொடுமையானது. திறந்த இருக்கை, பதினைந்தாயிரம் அடிக்கு மேல் உறையவைக்கும் குளிர். பின்னால் எதிரி வருகிறானா என்று ஓயாமல் திரும்பிப் பார்ப்பதில் கழுத்து உரசிப் புண்ணாகும். பட்டுத் துணி சுற்றிக்கொண்டது அதற்காகத்தான். பல விமானங்களின் சுழல் என்ஜினுக்கு விளக்கெண்ணெய் ஊற்றினார்கள். வெந்த எண்ணெயின் புகையும் துளிகளும் விமானியின் முகத்தில் அடித்து வயிற்றுக்குள்ளும் போகும். வயிற்றுப்போக்கு அவர்களுக்கு வழக்கமான உபாதை. பிரிட்டிஷ் விமானிகளுக்குப் பாராசூட் தரப்படவில்லை. அந்தப் படையில் பறந்த, கல்கத்தாவில் பிறந்த இந்திர லால் ராய் 1918 ஜூலையில் இரண்டே வாரத்துக்குள் பத்து வெற்றிகளைக் கணக்கில் சேர்த்தார். ஜூலை 22 அன்று வீழ்ந்தபோது அவருக்கு வயது 19.

போர் முடிந்ததும் அப்படிப்பட்ட விமானி ஒருவர் ஃபேரர் பார்க்கிலேயே வந்து இறங்கினார். பாலஸ்தீன முனையில் சண்டையிட்ட ஆஸ்திரேலியர் ராஸ் ஸ்மித், இங்கிலாந்திலிருந்து ஆஸ்திரேலியாவுக்குப் பறக்கும் போட்டியில் 1919 டிசம்பர் 4 அன்று சிங்கப்பூரை அடைந்தார். அவருடைய விக்கர்ஸ் விமி இரட்டை என்ஜின் கொண்ட பெரிய விமானம். பந்தயத் திடலோ அதற்கு மிகச் சிறியது. சக்கரங்கள் தரையைத் தொடும் வேளையில் மெக்கானிக் பென்னட் தம் இருக்கையிலிருந்து வெளியே ஏறி, விமானத்தின் முதுகில் சறுக்கி வாலுக்குப் போய்ச் சேர்ந்தார். அவருடைய பாரத்தில் வால் சட்டென்று தாழ்ந்தது. விமானம் ஏறக்குறைய நூறு கஜத்தில் நின்றது.

பந்தயத் திடலை நம்பியிருந்த காலம் விரைவில் முடிந்தது. வடக்கே சிலேத்தார், செம்பவாங், தெங்கா ஆகிய இடங்களில் விமானப்படைத் தளங்கள் அமைந்தன. 1937 ஜூன் 12 அன்று ஆளுநர் ஷென்டன் தாமஸ் காலாங் விமான நிலையத்தைத் திறந்துவைத்தார். சதுப்பு நிலத்தை மண்ணால் மேடாக்கி அமைத்த வட்ட வடிவப் புல்வெளி அது. சிராங்கூன் சாலையிலிருந்து கூப்பிடு தூரம் என்றே சொல்லலாம். மைசூர், ஜிந்த் முதலிய சமஸ்தானங்களின் காலாட்படையினர் விமானத்தளங்களுக்குக் காவலாக வந்தார்கள். விமான எதிர்ப்புப் பீரங்கிகளில் ஹாங்காங்-சிங்கப்பூர் பீரங்கிப் படையின் இந்தியச் சிப்பாய்களும் இருந்தார்கள்.

இத்தளங்களைக் காக்க பிரிட்டன் அனுப்பியது ஐரோப்பாவில் உதவாது என்று ஒதுக்கிய அமெரிக்க பஃபலோ விமானத்தை. குட்டையான, பருத்த, பாரமான விமானம். இருபதாயிரம் அடியை நெருங்கும்போது எரிபொருள் அழுத்தம் குறையும். விமானி ஒரு கையால் பம்பை இயக்கிக்கொண்டே பறக்க வேண்டும். காலாங்கில் பிரிட்டிஷ் 243-வது அணியும் நியூசிலாந்தின் 488-வது அணியும் இருந்தன. 488-வது அணி 1941 அக்டோபரில் வந்து, பர்மாவுக்குப் போன 67-வது அணி விட்டுச்சென்ற விமானங்களை ஏற்றது. அணித்தலைவர் கிளவுஸ்டன் ஐரோப்பாவில் சண்டையிட்டவர். ஆனால் இளைஞர்களில் பலர் பயிற்சிப் பள்ளியிலிருந்து நேரே வந்தவர்கள். சண்டை விமானத்தை ஓட்டக் கற்றுக்கொண்டதே சிங்கப்பூரில்தான்.

1941 டிசம்பர் 8 விடிவதற்கு முன் 17 ஜப்பானிய விமானங்கள் நகரத்தின் மேல் குண்டு வீசின. தெருவிளக்குகள் எரிந்துகொண்டிருந்தன. ராஃபிள்ஸ் பிளேஸிலும் சைனாடவுனிலும் 61 பேர் மாண்டார்கள். செம்பவாங்கில் ஆஸ்திரேலியாவின் 453-வது அணி மூன்று பஃபலோக்களை ஆயத்தமாக வைத்திருந்தும், தங்கள் பீரங்கிகளே அவற்றைச் சுட்டுவிடும் என்று அஞ்சி மேலிடம் அனுமதி மறுத்தது. இரண்டு நாள் கழித்து பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ், ரிபல்ஸ் என்ற பிரிட்டிஷ் போர்க்கப்பல்கள் தாக்கப்பட்டபோது உதவி கேட்ட செய்தி தாமதமாகவே வந்தது. டிம் விகர்ஸ் தலைமையில் அதே அணி போய்ச் சேர்ந்தபோது, நீரில் தத்தளித்த மாலுமிகளைத்தான் பார்க்க முடிந்தது.

எதிரே வந்தவர்கள் அனுபவசாலிகள். தரைப்படையின் ஹயபுசா விமானங்களைக் கொண்ட 64-வது அணிக்கு மேஜர் தாதேயோ கதோ தலைமை தாங்கினார். சீனப் போரில் தேர்ந்தவர். டிசம்பர் 7 மாலை, மலாயாவை நோக்கி வந்த கப்பல்களுக்கு மோசமான வானிலையில் காவலாகப் பறந்துவிட்டு இருட்டில் திரும்பும்போது அவர் மூன்று விமானங்களை இழந்தார். ஆனாலும் கப்பல்களைத் தனியே விடவில்லை. ஹயபுசா மிக இலகுவானது. துப்பாக்கிகள் இரண்டே. ஆனால் இறுகிய வட்டத்தில் திரும்புவதில் அதை மிஞ்ச முடியாது. வட்டமிட்டுச் சண்டை போடப் போன பஃபலோ விமானி பெரும்பாலும் திரும்பவில்லை.

1942 ஜனவரி 12 அன்று பகல் தாக்குதல்கள் மும்முரமாயின. காலாங்கிலிருந்து எழுந்த 488-வது அணியின் எட்டு பஃபலோக்கள் 27 ஜப்பானியச் சண்டை விமானங்களுக்கு அடியில் போய் மாட்டிக்கொண்டன. இரண்டு வீழ்ந்தன, ஐந்து சேதமடைந்தன. இது வீரக் குறைவல்ல, கடிகாரக் கணக்கு. குண்டுவீச்சு விமானங்கள் இருபதாயிரம் அடிக்கு மேல் பறந்து வந்தன. அந்த உயரத்தை எட்ட பஃபலோவுக்கு ஏறக்குறைய அரை மணி வேண்டும். மலாயாவில் கண்காணிப்பு நிலைகளும் ரேடார் நிலையங்களும் ஒவ்வொன்றாகக் கைவிடப்பட்டதால், எச்சரிக்கை அதைவிடக் குறைந்த நேரத்துக்கு முன்புதான் கிடைத்தது. போல்க்கேயின் முதல் விதியை எல்லா விமானிகளும் அறிந்திருந்தார்கள். அதைக் கடைப்பிடிக்க வேண்டிய நிமிடங்கள் அவர்களிடம் இல்லை. அதே வாரங்களில் பர்மாவிலும் சீனாவிலும் ஷெனால்ட் என்பவர் தலைமையிலான அமெரிக்க விமானிகள் பாரமான பி-40 விமானங்களைக் கொண்டே நன்றாகச் சண்டையிட்டார்கள். சீனாவில் எதிரியின் வரவை நெடுந்தூரத்திலிருந்தே சொல்லும் கண்காணிப்பு வலை அவர்களுக்கு இருந்தது.

விமானிகளும் மெக்கானிக்குகளும் கைகட்டி நிற்கவில்லை. பாரமான துப்பாக்கிகளைக் கழற்றிவிட்டு இலகுவானவற்றைப் பூட்டினார்கள். எரிபொருளையும் குண்டுகளையும் குறைத்தார்கள். 243-வது அணியில் இருந்த நியூசிலாந்தின் ஜெஃப் ஃபிஸ்கன் சரியான வழியைக் கண்டுகொண்டார். வட்டமிடும் சண்டையில் இறங்கக் கூடாது. மேலிருந்து பாய்ந்து ஒரு முறை சுட்டுவிட்டு, அதே வேகத்தில் கீழே விலகிவிட வேண்டும். ஏறும்போது சுமையாக இருந்த பாரம் பாயும்போது துணையாயிற்று. சிங்கப்பூரில் மட்டும் ஆறு வெற்றிகள் அவர் கணக்கில் சேர்ந்தன.

ஜனவரி 13 அன்று 51 ஹரிக்கேன் சண்டை விமானங்கள் பெட்டிகளில் வந்திறங்கியதும் நகரம் நிம்மதி அடைந்தது. உடன் வந்த விமானிகள் 24 பேர்தான். பாலைவனத் தூசுக்காகப் பொருத்திய பெரிய காற்று வடிகட்டி விமானத்தின் வேகத்தைத் தின்றது. ஜனவரி 20 அன்று முதல் மோதலில் குண்டுவீச்சு விமானங்கள் சிலவற்றை வீழ்த்தினார்கள். அதே நாளில் அவர்களின் தலைவர் லாண்டெல்ஸ் இறந்தார். அடுத்த நாள்களில் ஜப்பானியச் சண்டை விமானங்கள் துணைக்கு வந்ததும் இழப்புகள் குவிந்தன.

மாத இறுதியில் ஜப்பானியர் ஜொகூர் நீரிணையை எட்டினார்கள். வடக்குத் தளங்கள் மூன்றும் பீரங்கி எல்லைக்குள் வந்தன. எஞ்சியது காலாங் ஒன்றே. அங்கே குண்டு விழுந்த பள்ளங்களில் அடியிலிருந்து சதுப்புச் சேறு கசிந்து வந்தது. நிரப்பிய இடம் மறுபடியும் இறங்கியது. விமானிகள் பள்ளங்களுக்கு நடுவே குறுகிய பாதையைத் தேடிக் கிளம்பினார்கள். பிப்ரவரி 10 வாக்கில் கடைசி ஹரிக்கேன்கள் சுமத்ராவுக்குப் போயின. ஐந்து நாளில் சிங்கப்பூர் சரணடைந்தது.

கிளவுஸ்டன் போர்க்கைதியானார். கதோ அந்த ஆண்டு மே 22 அன்று வங்காள விரிகுடாவுக்கு மேல் வீழ்ந்தார். காயமடைந்து முன்பே வெளியேற்றப்பட்ட ஃபிஸ்கன், பின்னர் சாலமன் தீவுகளில் பி-40 ஓட்டி மொத்தம் பதினொரு வெற்றிகளுடன் பசிபிக் முனையின் காமன்வெல்த் விமானிகளில் முதலிடம் பெற்றார். 2011 வரை வாழ்ந்தார். உடல் கிடைக்காத விமானிகளின் பெயர்கள் கிராஞ்சி நினைவகச் சுவர்களில், இந்தியச் சிப்பாய்களின் பெயர்களோடு சேர்த்துப் பொறிக்கப்பட்டுள்ளன.