3128: ஒரு கதவு எண்ணின் கதை

கல்லூரி லேபில் பிரவுசரைத் திறந்ததும் முதலில் ப்ராக்சி முகவரியும் பக்கத்திலேயே 3128 என்ற எண்ணும் போடணும். போடலைன்னா எந்தப் பக்கமும் திறக்காது. எங்களைக் கண்காணிக்கத்தான் இந்த ஏற்பாடு என்று ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். தேடிப் படித்தபோதுதான் தெரிந்தது, கதை காசில் தொடங்குகிறது.

3128 என்பது ஸ்க்விட் மென்பொருளின் வழக்கமான போர்ட் எண். அமெரிக்காவில் ஹார்வெஸ்ட் என்ற ஆய்வுத் திட்டத்திலிருந்து கிளைத்து 1996-இல் வந்தது ஸ்க்விட். ஒருவர் கேட்ட பக்கத்தைச் சேமித்து வைத்து, அடுத்து கேட்பவருக்கு உள்ளூரிலிருந்தே எடுத்துக் கொடுக்கும், அவ்வளவுதான்.

அது ஏன் கட்டாயமானது என்பதற்கு பிரிட்டன் நல்ல உதாரணம். அங்கே பல்கலைக்கழகங்களை இணைக்கும் ஜேனட் வலையமைப்பில், அட்லாண்டிக்கைத் தாண்டி வரும் ஒவ்வொரு மெகாபைட்டுக்கும் 2 பென்ஸ் என்று 1998 ஆகஸ்டிலிருந்து கட்டணம் வந்தது. ஒரே பக்கத்தை நூறு பேர் நேரடியாக இறக்கினால் நூறு தடவை செலவு. சில பல்கலைக்கழகங்கள் நேர்வழியை அடைத்து, எல்லோரையும் கேஷ் வழியாகத் திருப்பிவிட்டன.

பிறகு இணைப்புகள் மலிந்தன. எச்டிடிபிஎஸ் பரவியதும், பூட்டி வரும் பக்கத்தை நடுவில் நின்று சேமிக்கவும் முடியாமல் போனது. ஆனாலும் பல வளாகங்களில் ப்ராக்சி போகவில்லை. யார், எப்போது, எந்தத் தளத்துக்குப் போனார் என்ற பதிவு அதில்தானே விழுகிறது! செலவை மிச்சம் பிடிக்க வைத்த கதவு, அப்படியே காவலுக்கு நின்றுவிட்டது. என் பழைய சந்தேகம் தப்பில்லை. காவல் பின்னால் வந்து சேர்ந்தது, அவ்வளவுதான்.