ஆரணியின் தறிவீடுகள்

சரித்திரச் சான்றுகளைக் கோட்டைகளிலும் கோயில்களிலும் தேடுவது நம் வழக்கம். எளிய மக்கள் குடியிருந்த வீடுகளும் அத்தகைய சான்றுகளே. தென்சீனத்தில் பூஜியன் மலைநாட்டு ஹக்கா மக்கள், மண்ணை இடித்து இறுக்கிப் பெரிய மாடிவீடுகளை எழுப்பினர். கொள்ளையர்க்கு அஞ்சிய பல குடும்பங்கள் ஒரே சுற்றுச்சுவருக்குள் வாழ்ந்தன. கீழ்த்தளத்தின் புறச்சுவரில் அவர்கள் சாளரம் வைக்காததும் அவ்வச்சத்தினாலேயே. 2008ஆம் ஆண்டில் இத்தகைய 46 கட்டடங்கள் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றன. அங்கே அச்சம் வீட்டின் அமைப்பை வகுத்தது. நம் ஆரணியில் தொழில் அதனை வகுத்தது.

கமண்டல நாகநதிக் கரையிலுள்ள ஆரணியை மாணவர்கள் ஒரு போர்க்களமாகவே அறிந்திருப்பர். 1751 டிசம்பரில் ராபர்ட் கிளைவ், மராட்டியக் குதிரைப்படையின் துணையுடன், சந்தா சாகிபின் மகன் ராசா சாகிபை இங்கு வென்றார். 1782 ஜூனில் ஹைதர் அலியின் படையும் அயர் கூட்டின் படையும் இவ்வூரருகே பொருதன. ஹைதர் தம் படைக்கு வேண்டிய பொருள்களை ஆரணிக் கோட்டையில் சேமித்திருந்ததே அதற்குக் காரணம். ஆனால், ஆங்கிலக் கும்பெனியார் 1639இல் சென்னையில் இடம் பெற்றது எதன்பொருட்டு? தமிழ்நாட்டு நெசவாளர் நெய்த துணியை வாங்கும்பொருட்டே அன்றோ! ஆகவே, போரின் கதையை முழுதும் அறிய விரும்புவோர் தறியையும் காணல் வேண்டும்.

பழைய தறிவீட்டினுள் நுழைந்தால், முதலில் கண்ணிற்படுவது குழித்தறி. நெசவாளர் குழியின் விளிம்பில் அமர்ந்து, உள்ளே காலை விட்டு மிதிகளை இயக்குவார். மண்தரையின் ஈரப்பதம் இழைகள் எளிதில் அறாமற் காக்கும். தெருவும் தொழிற்கூடத்தின் ஒரு பகுதியே. காலை வேளையில் பாவை நெடுக விரித்துக் கட்டி, கஞ்சி தோய்த்து, இழைகளைச் சீர் செய்வர். நெசவாளர் தெருவுக்கு நேரான நீளம் வேண்டியிருந்தது இதனாலேயே.

இன்று விசைத்தறியும் சிமெண்டுத் தரையும் பெருகிவருகின்றன. வாழ்க்கை வசதியை நாடுவோரைக் குறை கூறல் தகாது. ஆயினும், ஒரு வீட்டை இடித்துப் புதுக்கும்போது அதன் குழித்தறியும் உடன் மறைகிறது; அதனைப் பற்றிய குறிப்பு எந்த ஆவணத்திலும் இருப்பதில்லை. மாணவர்களே! அடுத்த விடுமுறையில் ஒரு நெசவாளர் தெருவுக்குச் செல்லுங்கள். வீட்டாரின் இசைவு பெற்று, ஒரே ஒரு வீட்டையேனும் அளந்து வரைபடம் எழுதுங்கள். தறியின் உறுப்புகளுக்கு அங்குள்ள முதியோர் வழங்கும் பெயர்களைக் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். கிளைவின் போரை எழுத வரலாற்றாசிரியர் பலர் உளர். அவ்வீட்டின் வரலாற்றை எழுத உங்களையன்றி வேறு எவரும் இல்லாமற் போகலாம்.