தூசியில் விளைந்த நீர்

இரவு வானில் விண்மீன்கள் காணப்படாத கரிய திட்டுகள் சில உண்டு. விருச்சிக மண்டலத்தில் அத்தகைய ஒன்றைக் கண்ட வில்லியம் ஹெர்ஷல், 1785ஆம் ஆண்டு அதனை வானில் உள்ள ஒரு திறப்பு எனக் குறித்தார். இருள் என்பது இன்மையே என்பது அன்றைய துணிபு. அது மாற ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டு சென்றது. 1919இல் எட்வர்ட் பார்னார்டு 182 கரும்பகுதிகளைப் பட்டியலிட்டார். 1930இல் ராபர்ட் டிரம்ப்ளர், விண்மீன் கொத்துகளின் ஒளியையும் தொலைவையும் ஒப்பிட்டு, இடைவெளி எங்கும் ஒளியை விழுங்கும் தூசி பரந்துள்ளதை மெய்ப்பித்தார்.

அத்தூசி வெறும் திரையன்று என்பது அடுத்த கண்டுபிடிப்பு. 1940களில் ஹாலந்து நாட்டு அறிஞர் வான் டி ஹுல்ஸ்ட், துகள்களில் ஒட்டும் ஆக்சிஜன், கார்பன், நைட்ரஜன் அணுக்களோடு ஹைட்ரஜன் கூடி நீராகவும் மீத்தேனாகவும் அம்மோனியாவாகவும் உறையும் என்றார். 1965இல் அப்பனியைத் தேடியோர் அதனைக் காணாது ஐயுற்றனர். அவர்கள் நோக்கியது விண்மீன் ஒளி தாராளமாய்ப் பாயும் மெல்லிய வெளியை. பனியோ அடர்ந்த முகிலின் உள்ளிருளில் இருந்தது. 1973இல் கில்லெட், ஃபாரஸ்ட் இருவரும் ஓரியன் முகிலினுள் புதைந்த ஒரு பொருளின் அகச்சிவப்பு ஒளியில், 3.1 மைக்ரான் அலைநீளத்தில், நீர்ப்பனியின் சுவட்டைக் கண்டனர்.

துகள் ஏன் வேண்டும்? இரண்டு ஹைட்ரஜன் அணுக்கள் வெற்றிடத்தில் கூடினால், கூடலில் பிறக்கும் ஆற்றலை இறக்கி வைக்க இடமின்றி மீண்டும் பிரிந்துவிடும். நம் சாலையோரச் சுமைதாங்கிக் கல்லைப் போல் அச்சுமையை ஏற்றுக்கொள்வது தூசித்துகள். 1963இலும் 1971இலும் சால்பீட்டரும் உடன் ஆய்ந்தோரும் இதனைக் கணக்கிட்டுக் காட்டினர். இடையே 1970இல் ஜார்ஜ் கருதர்ஸ் ஏவுகலக் கருவியால் அந்த ஹைட்ரஜன் மூலக்கூறை விண்வெளியில் நேரிற் கண்டார்.

கடுங்குளிரும் வேதிவினையைத் தடுக்கவில்லை. 2002இல் ஜப்பானிய அறிஞர் வதனாபே, கௌச்சி இருவரும், சுழிக்குக் கீழ் 263 பாகை செல்சியஸில், கார்பன் மோனாக்சைடு கலந்த பனிமேல் ஹைட்ரஜன் அணுக்களைப் பொழிந்து, மெத்தனால் உருவாவதைக் காட்டினர். ஏறிக் கடக்க இயலாத ஆற்றல் தடையை ஊடுருவிச் செல்லும் குவாண்டம் இயல்பே ஹைட்ரஜனுக்கு அங்கே துணை.

ஆயின் உறைந்தவை வெளியேறுவது எங்ஙனம்? அருகே விண்மீன் பிறந்தால் வெப்பத்தால் பனி ஆவியாகும்; அது எளிய விடை. குளிர்ந்த முகிலிலோ வளிகள் யாவும் துகளில் உறைந்து மறைய வேண்டும். மாறாக, 2012இல் எல்1689பி என்னும் குளிர்க் கருவில் மெத்தில் ஃபார்மேட் போன்ற சிக்கலான மூலக்கூறுகள் வளியாகவே காணப்பட்டன. புற ஊதா ஒளி உதைத்துத் தள்ளுவது ஒரு வழி: 2007இல் லைடன் ஆய்வகத்தில் ஆயிரம் ஒளித்துகள்களுக்கு மூன்று அளவில் கார்பன் மோனாக்சைடு மூலக்கூறுகள் வெளியேறின. அண்டக்கதிர் தாக்கித் துகளைச் சூடாக்குவது மற்றொன்று. தான் பிறந்த ஆற்றலாலேயே மூலக்கூறு துள்ளி எழுவது மூன்றாவது. எவ்வழி எவ்வளவு என்னும் வழக்கு இன்னும் தீரவில்லை.

இவ்வழக்கு தொலைவானதன்று. 2014ஆம் ஆண்டுக் கணக்கீடு ஒன்று, நம் கடல்நீரில் கணிசமான பங்கு கதிரவன் பிறக்குமுன்னரே அத்தகைய பனியாய் உறைந்திருந்ததாக மதிப்பிட்டது. 2023இல் ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி, கமேலியான் முகிலின் இருளில் நீரோடு மெத்தனால் பனியையும் கண்டது. ஹெர்ஷல் திறப்பெனக் கருதியதை ஒத்த இருளிலேதான் நாம் பருகும் நீரின் ஒரு பகுதி விளைந்தது. கடலைப் பாடும் நம் கவிஞர்கள் அதன் வயதைக் கணக்கிடுகையில் கதிரவனுக்கும் முன்னே செல்லலாம், அறிவியல் மறுக்காது.