வட்டமா, நீள்வட்டமா? ஒரு கொல்லைப்புறக் குளத்தின் சரித்திரம்



அமெரிக்காவில் இருக்கும் என் பழைய மாணவர் ஒருவர் வீட்டுக் கொல்லையில் நீச்சல் குளம் வைக்கப் போகிறாராம். பள்ளம் தோண்டிக் கட்டுவது அல்ல. தரைக்கு மேலே தகட்டுச் சுவர் நிறுத்தி, உள்ளே வினைல் விரிப்புப் போட்டுத் தண்ணீர் நிரப்புகிற வகை. "வட்டமா வாங்கலாமா சார், நீள்வட்டமா?" என்று கேட்டிருந்தார். சரித்திர வாத்தியாரிடம் கேட்கிற கேள்வியா என்று நினைக்காதீர்கள். இதற்குள் ஒரு நாட்டின் சரித்திரமே இருக்கிறது. அதனால் பதிலை எல்லோருக்குமாக எழுதுகிறேன்.

முதலில் கணக்கு. 24 அடி விட்டமுள்ள வட்டக் குளத்தில் 4 அடி ஆழத்துக்குத் தண்ணீர் நின்றால் சுமார் 51,000 லிட்டர், அதாவது 51 டன். இந்தத் தண்ணீர் சுவரை எல்லாப் பக்கமும் சமமாக வெளியே தள்ளும். வட்டச் சுவர் அந்த விசையை இழுவிசையாகத் தனக்குள்ளேயே தாங்கிக்கொள்ளும், பீப்பாயைச் சுற்றிய இரும்புப் பட்டை மாதிரி. அதனால் மெல்லிய தகடே போதும். நம் ஊர்க் கிணறும் வட்டம்தான், ஆனால் அங்கே கதை தலைகீழ். மண் வெளியிலிருந்து அமுக்க, கற்கள் ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு நிற்கின்றன.

நீள்வட்டம் என்று விற்பது பெரும்பாலும் உண்மையான நீள்வட்டம் அல்ல. இரண்டு முனையிலும் அரைவட்டம், நடுவில் இரண்டு நேர்ச்சுவர். நேர்ச்சுவரைத் தண்ணீர் பிதுக்கித் தள்ளிவிடும். ஆகவே அதற்கு வெளியே இரும்பு முட்டுக்கால்களோ, குளத்தின் அடியில் இரு பக்கத்தையும் இழுத்துக் கட்டும் பட்டைகளோ வேண்டும். 15க்கு 30 அடிக் குளத்துக்குச் சுவர் 77 அடி, நீர்ப்பரப்பு சுமார் 402 சதுர அடி. 24 அடி வட்டத்துக்குச் சுவர் 75 அடி, பரப்பு 452. சுவர் கூடுதல், தண்ணீர் குறைவு, விலையும் வேலையும் அதிகம். ஆனாலும் இடம் குறுகலாக இருந்தாலோ, நேராக நீந்திப் பழக வேண்டும் என்றாலோ நீள்வட்டம்தான் சரி. மற்றவர்களுக்கு வட்டம் போதும்.

இனி என் பாடம். ஒவ்வொரு வீட்டுக்கும் தனிக் குளம் என்ற ஆசை எங்கிருந்து வந்தது?

செயின்ட் லூயிஸ் நகரின் ஃபேர்கிரவுண்ட் பூங்காவில் 1913-ல் மாநகராட்சி ஒரு குளம் திறந்தது. அதுவும் வட்டக் குளம்தான். ஆனால் ஒரே நேரத்தில் ஆயிரக்கணக்கானோர் இறங்கக்கூடிய அளவு. அதற்கு முன் பல நகரக் குளங்களில் ஆணுக்கு ஒரு நாள், பெண்ணுக்கு ஒரு நாள் என்று முறை இருந்தது. இங்கே இருபாலரும் சேர்ந்து குளிக்கலாம். ஆனால் கறுப்பின மக்களுக்கு அனுமதி இல்லை. ஆணும் பெண்ணும் சேர்ந்து இறங்கத் தொடங்கிய பிறகுதான் நிறத்தடை இறுகியது என்று, அமெரிக்கக் குளங்களின் வரலாற்றை எழுதிய ஜெஃப் வில்ட்ஸி காட்டுகிறார். நாம் அறிந்த குளத்தங்கரைத் தீட்டுக்கும் இதற்கும் அதிக தூரமில்லை.

1949 ஜூன் 21 அன்று நகர நிர்வாகம் குளத்தை எல்லோருக்கும் திறந்தது. சில டஜன் கறுப்பினச் சிறுவர்கள் வந்து நீந்தினார்கள். வேலிக்கு வெளியே வெள்ளையர் கூட்டம் கூடியது. வெளியே வந்த பிள்ளைகளை அடித்தார்கள். மாலைக்குள் கூட்டம் ஆயிரக்கணக்கில் பெருகிக் கலவரமானது. மேயர் அன்றே உத்தரவைத் திரும்பப் பெற்றார். மறு ஆண்டு நீதிமன்றம் தலையிட்டுக் குளத்தைத் திறக்க வைத்தது. பிறகு நடந்ததைக் கவனியுங்கள்: வெள்ளையர்கள் வருவதையே நிறுத்திக்கொண்டார்கள். 1948-ல் மூன்று லட்சத்துக்கு மேற்பட்ட முறை ஆட்கள் இறங்கி நீந்திய குளம், சில ஆண்டுகளில் வெறிச்சோடி மூடப்பட்டது.

மிசிசிப்பியின் ஜாக்சன் நகரம் இன்னொரு வழி கண்டது. சேர்ந்து குளிக்க விடுவதைவிட எல்லோருக்கும் மூடிவிடுவது மேல் என்று நகரக் குளங்களை மூடியது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 1971-ல், எல்லோருக்கும் சமமாகத்தானே மூடினார்கள் என்று சொல்லி, 5-க்கு 4 என்ற கணக்கில் நகரத்தின் பக்கமே தீர்ப்பானது.

இதே காலத்தில்தான் புறநகர்களில் தனிக் குளங்களும் உறுப்பினர் மட்டும் நுழையும் சங்கக் குளங்களும் பெருகின. நிறவெறி ஒன்றே காரணம் என்று நான் சொல்லவில்லை. சம்பளம் உயர்ந்தது, பெரிய கொல்லையோடு வீடு கிடைத்தது, போருக்குப் பின் மலிவான வினைல் வந்தது. நீச்சல் நடிகை எஸ்தர் வில்லியம்ஸின் பெயரிலேயே வீட்டுக் குளங்கள் விற்பனையாயின. ஆனால் புறநகர் வீடுகளும் அன்று பெரும்பாலும் வெள்ளையருக்கே கிடைத்தன. ஊர் முழுவதும் இறங்கிய வட்டம், ஒரு குடும்பத்தின் வட்டமாகச் சுருங்கிப் போனது.

குளம் மறுக்கப்பட்ட பெற்றோர் நீந்தப் பழகவில்லை. அதனால் தங்கள் பிள்ளைகளுக்கும் சொல்லித்தர முடியவில்லை. இன்றும் அமெரிக்காவில் நீச்சல் குளத்தில் மூழ்கி இறக்கும் பள்ளி வயதுப் பிள்ளைகளில், கறுப்பினத்தவரின் விகிதம் வெள்ளையரைவிடப் பல மடங்கு அதிகம்.

ஆகவே, எங்கே குளம் வைத்தாலும் மூன்று காரியங்களை மறக்காதீர்கள். ஆழம் 4 அடிதான், தலைகீழாகப் பாய யாரையும் விடாதீர்கள். குளித்து முடித்ததும் ஏணியை எடுத்து உள்ளே வைத்துவிடுங்கள். அந்த நாட்டில் 1 முதல் 4 வயதுக் குழந்தைகளின் இறப்புக்கு முதல் காரணமே நீரில் மூழ்குவதுதான். மூன்றாவது, உங்கள் பிள்ளைக்கு நீச்சல் கற்றுக்கொடுக்கும்போது, பக்கத்து வீட்டுப் பிள்ளைகளையும் அவர்கள் பெற்றோரோடு கூப்பிடுங்கள். அவர்கள் யார், என்ன நிறம் என்று பார்க்காமல் கூப்பிடுங்கள்.