தருமியும் ஐரோப்பிய நிதியும்

ஆயிரம் பொன்னுக்கு விண்ணப்பம் போட்டவர் நம்ம தருமி, ரிவ்யூவர் நக்கீரர் :-)

1901-ல் மதுரையில் நான்காம் தமிழ்ச் சங்கம் கண்ட பாண்டித்துரைத் தேவர் தானே புரவலர். விண்ணப்பப் படிவமெல்லாம் கிடையாது. 2014-ல் ஏவா வில்டன் ஹாம்பர்க்கில் தொடங்கிய 'நெட்தமிழ்' சுவடி ஆய்வுக்குப் பணம் தந்தது ஐரோப்பிய ஆராய்ச்சிக் கவுன்சில். அதுக்கு அப்போ முதல் சுற்றில் 5 பக்கச் சுருக்கமும் ஆய்வாளரோட சுயவிவரமும்தான் படிப்பாங்க. தேறினாத்தான் முழுத் திட்டத்தையே திறப்பாங்க. தமிழே தெரியாத நடுவருக்கும் அந்த 5 பக்கத்துல சங்க இலக்கியம் புரியணும், பாருங்க!

எந்த நாட்டுக்காரரும் போட்டி போடலாம். ஆனா நிறுவனம் ஐரோப்பாவிலோ அதோட இணைந்த நாட்டிலோ இருக்கணும். மதுரைப் பையன் ஜெயிச்சாலும் நிதி அங்கேதான் போகும். சுவடி இங்கே செல்லரிக்குது.