ரஸ்ட் கர்னல் டிரைவரில் சரங்கள்

லினக்ஸ் கர்னலின் பெரும்பகுதி சி மொழியில் எழுதப்பட்டது. அங்கே சரம் எங்கே முடிகிறது என்பதைக் கடைசியில் வரும் சுழிய பைட்டுதான் சொல்லும். ரஸ்ட் தன் சரத்தின் நீளத்தைத் தனியே வைத்துக்கொள்ளும். முடிவில் சுழியம் இராது. 2022 டிசம்பரில் வெளியான 6.1 பதிப்பில் ரஸ்ட் கர்னலுக்குள் நுழைந்தபோது, இவ்விரண்டையும் இணைக்கத் துணைநிரல்கள் தேவைப்பட்டன. சி-சரத்துக்கென கர்னல் சொந்தமாக ஒரு வகையையே வைத்துக்கொண்டது. டிரைவரின் பெயரைக் குறிப்பிடக்கூட ஒரு மேக்ரோ வேண்டியிருந்தது.

ரஸ்ட் 1.64இல் சி-சர வகை மொழியின் அடிப்படை நூலகத்துக்கே வந்துவிட்டது. 2024 மார்ச்சில் வந்த 1.77இல், மேற்கோள் குறிக்கு முன் சி என்ற எழுத்தைப் போட்டாலே போதும். சுழியத்தைக் கம்பைலர் சேர்த்துவிடும், நடுவில் சுழியம் இருந்தால் பிழை காட்டும். பிறகு கர்னலின் சொந்த வகை வீண் சுமைதான்.

நீளக் கணக்கில் கவனம் வேண்டும். வேலூர் மாவட்டத்து ‘ஒடுகத்தூர்’ கண்ணுக்கு 6 எழுத்து. யூனிகோடில் 10 குறியீடு. யூடிஎஃப்-8இல் 30 பைட்டு. சி-சரமாக்கினால் 31. 16 பைட்டு இடத்தில் இப்பெயரைக் கண்மூடித்தனமாக வெட்டினால் சுழியம் போக 15 பைட்டு நிற்கும்: ‘ஒடுகத’. புள்ளி போய்விடும்.