கிளேசியர் எக்ஸ்பிரஸ்: பேரில் இருக்கும் பனியாறு ஜன்னலில் ஏன் தெரிவதில்லை? டிக்கெட் எவ்வளவு, தங்குவது எங்கே?

சுவிட்சர்லாந்தின் ஆல்ப்ஸ் மலைகளுக்கு நடுவே ஓடும் கிளேசியர் எக்ஸ்பிரஸ், உலகின் மிகப் பிரபலமான சொகுசு மலை ரயில்களில் ஒன்று. கண்ணாடிக் கூரை, பனி மூடிய சிகரங்கள், மேசையில் ஒயின் கிளாஸ் என்று ரீல்ஸில் அடிக்கடி பார்த்திருப்பீர்கள். அது ஏறும் அதிகபட்ச உயரம் எவ்வளவு தெரியுமா? 2,033 மீட்டர். நம்ம ஊட்டி ரயில் நிலையமே கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,200 மீட்டர் உயரத்தில் இருக்கிறது.

அப்படின்னா உயரத்துக்காக யாரும் இந்த ரயிலில் ஏறுவதில்லை. பிறகு எதற்காக இவ்வளவு காசு? அந்தக் காசுக்கு உண்மையில் என்ன கிடைக்கிறது, என்ன கிடைக்காது? விரிவாகப் பார்க்கலாம்.

இது என்ன ரயில்?

மேட்டர்ஹார்ன் சிகரத்தின் அடிவாரத்தில் இருக்கும் ஜெர்மாட் என்ற ஊரையும், கிழக்கே இருக்கும் செயின்ட் மோரிட்ஸ் என்ற ஊரையும் இணைக்கிறது கிளேசியர் எக்ஸ்பிரஸ். தூரம் 291 கி.மீ., பயண நேரம் சுமார் 8 மணி நேரம். வழியில் 291 பாலங்கள், 91 சுரங்கங்கள். கணக்குப் போட்டால் மணிக்கு 37 கி.மீ. வேகம்கூட வராது. ‘உலகின் மிக மெதுவான எக்ஸ்பிரஸ்’ என்று அவர்களே பெருமையாக விளம்பரம் செய்கிறார்கள்.

முதல் ரயில் ஓடியது 1930 ஜூன் 25 அன்று. இன்று மேட்டர்ஹார்ன் கோட்டார்ட், ரேட்டியன் என்ற 2 ரயில்வே நிறுவனங்கள் சேர்ந்து இதை இயக்குகின்றன.

ஊட்டி ரயிலோடு ஒப்பிட்டது சும்மா இல்லை. இரண்டும் மீட்டர் கேஜ். இரண்டிலும் ஏற்றம் செங்குத்தாக இருக்கும் இடங்களில் தண்டவாளத்துக்கு நடுவே பல் சட்டம் பதித்திருப்பார்கள். எஞ்சினில் இருக்கும் பல் சக்கரம் அதைக் கடித்துக்கொண்டு ஏறும். இரண்டு பாதையிலும் இருப்பது ரோமன் ஆப்ட் என்ற சுவிஸ் பொறியாளர் உருவாக்கிய முறைதான். ஊட்டி மலைப் பாதையின் பழைய ‘எக்ஸ்’ வகை நீராவி எஞ்சின்களும் சுவிட்சர்லாந்தின் விண்டர்தூர் நகரத் தொழிற்சாலையில் செய்து கப்பலேறி வந்தவை. பிறகு வந்தவைதான் திருச்சி பொன்மலை பணிமனைத் தயாரிப்பு.

ரயிலிலேயே தூங்கலாமா?

முடியாது. பலரும் ஏமாறும் இடம் இது. ‘சொகுசு ரயில்’ என்றதும் பேலஸ் ஆன் வீல்ஸ் மாதிரி படுக்கை அறை, குளியலறை எல்லாம் இருக்கும் என்று நினைத்துவிடுகிறோம். கிளேசியர் எக்ஸ்பிரஸில் இருக்கை மட்டும்தான். காலையில் ஏறினால் மாலையில் இறங்கிவிட வேண்டும்.

அதனால்தான் டிராவல் ஏஜென்சிகள் இதை எப்போதும் ஹோட்டலோடு சேர்த்து பேக்கேஜாக விற்கின்றன. ஜெர்மாட்டில் 2 இரவு, ரயிலில் ஒரு பகல், செயின்ட் மோரிட்ஸில் 2 இரவு என்பது வழக்கமான கணக்கு. பேக்கேஜ் விலையில் பெரும்பங்கு ரயிலுக்கு இல்லை, ஹோட்டலுக்குத்தான் போகிறது. விலையைப் பார்க்கும்போது இதை மனதில் வையுங்கள்.

பேரில் இருக்கும் பனியாறு எங்கே?

கிளேசியர் என்றால் பனியாறு. மலை உச்சியில் ஆண்டுக்கணக்கில் சேர்ந்து இறுகிய பனிக்கட்டி, தன் எடையாலேயே மெல்ல மெல்லக் கீழே நகர்ந்து வருவது. ரயிலுக்குப் பெயர் கொடுத்தது ரோன் பனியாறு. ஃபுர்கா கணவாய்க்கு அருகில் இருக்கிறது. ஜெனீவா ஏரி வழியாக பிரான்ஸுக்குள் போய் மத்தியதரைக் கடலில் கலக்கும் ரோன் நதி பிறப்பது இங்கேதான்.

1930-ல் ரயிலில் வந்தவர்கள், கிளெட்ச் என்ற சிறு ஊரைக் கடக்கும்போது இந்தப் பனியாற்றை ஜன்னல் வழியாகவே பார்த்தார்கள். ஆனால் அந்தப் பாதையில் ஒரு பெரிய சிக்கல். குளிர்காலம் முழுக்கப் பனிச்சரிவு. ஸ்டெஃபன்பாக் என்ற இடத்தில் இருந்த பாலத்தை ஒவ்வொரு ஆண்டும் குளிர்காலத்துக்கு முன் மடித்து ஓரமாக வைத்துவிடுவார்கள், வசந்தத்தில் திரும்ப விரிப்பார்கள். ஆமாம், பாலத்தையே மடிப்பார்கள். அதுவரை ரயில் கோடையில் மட்டும்தான்.

1982-ல் மலைக்கு அடியில் 15.4 கி.மீ. நீளத்துக்கு ஃபுர்கா அடிவாரச் சுரங்கம் திறக்கப்பட்டது. திட்டமிட்டதைவிடப் பல மடங்கு செலவானதால் சுவிட்சர்லாந்தில் அது பெரிய அரசியல் சர்ச்சையே ஆனது. ஆனால் அதன் பிறகு ரயில் குளிர்காலத்திலும் ஓடத் தொடங்கியது. அன்றோடு பனியாறு ஜன்னலை விட்டுப் போனது. இன்று அந்த இடத்தில் பயணிக்குத் தெரிவது சுமார் கால் மணி நேர இருட்டு.

பழைய பாதையில் இன்றும் ரயில் ஓடினால் தெரியுமா என்றால், 1930-ல் பார்த்த மாதிரி தெரியாது. 19-ம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் கிளெட்ச் பள்ளத்தாக்கின் தரை வரை இறங்கி வந்திருந்த ரோன் பனியாறு, அதற்குப் பிறகு ஒரு கிலோமீட்டருக்கும் மேல் பின்வாங்கி மேலே ஏறிவிட்டது. அதன் ஓரத்தில் பனிக்கட்டியைக் குடைந்து ஒரு குகை அமைத்து, பல தலைமுறைகளாகச் சுற்றுலாப் பயணிகளுக்குக் காட்டி வருகிறார்கள். சமீப ஆண்டுகளில் அந்தக் குகை உருகாமல் இருக்கக் கோடையில் வெள்ளைத் துணி போர்த்துகிறார்கள். பனியாற்றைப் பார்ப்பதற்காகவே 1882-ல் சாலை வளைவில் கட்டிய பெல்வெடேர் ஹோட்டல், சுமார் 10 ஆண்டுகளாகப் பூட்டிக் கிடக்கிறது. இன்ஸ்டாகிராமில் அந்தக் கட்டடத்தைப் பார்த்திருக்க வாய்ப்பு அதிகம்.

இது ஒரு பனியாற்றின் கதை மட்டும் இல்லை. 2022-ல் சுவிஸ் பனியாறுகள் மொத்தப் பனியில் சுமார் 6 சதவீதத்தை இழந்தன. அடுத்த ஆண்டு இன்னொரு 4 சதவீதம். இரண்டே ஆண்டுகளில் பத்தில் ஒரு பங்கு. 2025 மே 28 அன்று இந்த ரயில் கடக்கும் அதே வாலே மாகாணத்தில், பக்கத்துப் பள்ளத்தாக்கில் மேலிருந்து பாறைகள் விழுந்து பிர்ச் பனியாறு உடைந்தது. பிளாட்டன் என்ற கிராமத்தின் பெரும்பகுதி புதைந்து போனது. அங்கிருந்த சுமார் 300 பேரை முன்கூட்டியே வெளியேற்றியிருந்ததால் பெரும் உயிரிழப்பு தவிர்க்கப்பட்டது.

அப்போ ஜன்னலில் என்னதான் தெரியும்?

நிறைய தெரியும். ஜெர்மாட்டிலிருந்து கிளம்பினால் முதலில் குறுகலான பள்ளத்தாக்கு, பிறகு ரோன் நதிக் கரை, மர வீடுகள் நிறைந்த கிராமங்கள். சுரங்கம் தாண்டி ஆண்டர்மாட். அங்கிருந்து ரயில் மலைச்சரிவில் வளைந்து வளைந்து ஓபரால்ப் கணவாய்க்கு ஏறும். அதுதான் அந்த 2,033 மீட்டர். ஊட்டியைவிடத் தாழ்வு என்றாலும் பூமத்திய ரேகையிலிருந்து வெகு தொலைவில் இருப்பதால், குளிர்காலத்தில் இங்கே ரயில் வெள்ளைச் சுவர்களுக்கு நடுவே போவது போல இருக்கும். கணவாயில் ஒரு கலங்கரை விளக்கம் நிற்கும், கவனித்துப் பாருங்கள். மலை உச்சியில் எதற்கு கலங்கரை விளக்கம்? ரைன் நதியின் ஊற்று பக்கத்தில் இருக்கிறது. நதி கடலில் கலக்கும் நெதர்லாந்தில் இருந்த விளக்கத்தின் சிறிய நகல் அது.

அதன்பிறகு இறக்கம். ஆயிரக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் ஒரு மலையே சரிந்து விழுந்த இடிபாட்டை அறுத்துக்கொண்டு ரைன் ஓடும் ருயினால்டா பள்ளத்தாக்கு, வெள்ளைச் சுண்ணாம்புச் சுவர்களோடு இருக்கும். கூர் நகரம் 600 மீட்டர் உயரத்துக்கும் கீழே. இங்கிருந்து திரும்பவும் ஏறி 1,800 மீட்டரைத் தொட வேண்டும்.

என் கணக்கில் இந்தப் பயணத்தின் சிறந்த பகுதி இந்தக் கடைசி ஏற்றம்தான். டிசென்டிஸுக்குப் பிறகு பல் சட்டம் கிடையாது. ரயில் தன் சக்கரத்தின் பிடிமானத்திலேயே ஏறியாக வேண்டும். அதனால் பொறியாளர்கள் பாதையைச் சுருள் சுருளாகச் சுற்றிவிட்டார்கள். பெர்கூன் என்ற ஊரில் பார்த்த அதே தேவாலயம் சிறிது நேரத்தில் கீழே தெரியும், திரும்பவும் இன்னும் கீழே தெரியும். அதற்கு முன்னால் வருவது லாண்ட்வாசர் பாலம்: 65 மீட்டர் உயரம், 6 கல் வளைவுகள், வளைந்துகொண்டே போய் நேராகப் பாறைச் சுவரில் இருக்கும் சுரங்கத்துக்குள் நுழைந்துவிடும். 1902-ல் கட்டி முடித்தது. இந்த ஆல்புலா பாதைக்கு 2008-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரிய அங்கீகாரம் கிடைத்தது. அதற்கு 3 ஆண்டுகளுக்கு முன்பே ஊட்டி ரயிலுக்குக் கிடைத்துவிட்டது என்பதையும் சொல்லிவிடலாம்.

சரி, டிக்கெட் எவ்வளவு?

சுவிஸ் பிராங்க் ஒன்றுக்கு 100 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள், உண்மையில் கொஞ்சம் கூடவே இருக்கும். முழுத் தூரத்துக்கு இரண்டாம் வகுப்பு 150 பிராங்குக்கு மேல், முதல் வகுப்பு 270 பிராங்கை ஒட்டி. இதற்கு மேல் இருக்கை முன்பதிவுக் கட்டணம் தனி, அது கட்டாயம். சுவிஸ் டிராவல் பாஸ் வைத்திருந்தால் டிக்கெட் காசு மிச்சம், ஆனால் முன்பதிவுக் கட்டணத்தைப் பாஸ் கட்டாது. விலை ஆண்டுக்கு ஆண்டு மாறும் என்பதால் கிளம்பும் முன் அதிகாரப்பூர்வ தளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.

2019-ல் வந்தது ‘எக்ஸலன்ஸ் கிளாஸ்’. மொத்தமே 20 இருக்கை, எல்லோருக்கும் ஜன்னலோரம், பல சுற்று சாப்பாடு, தனி பார். முதல் வகுப்பு டிக்கெட்டுக்கு மேல் 400 பிராங்குக்கும் அதிகமான கூடுதல் கட்டணம். எல்லாம் சேர்த்தால் ஒருவருக்கு 700 பிராங்கைத் தாண்டும். நம்ம காசில் 70,000 ரூபாய்க்கு மேல், ஒரு பகலுக்கு.

முதல் வகுப்புக்கும் இரண்டாம் வகுப்புக்கும் வித்தியாசம்? ஒன்றில் வரிசைக்கு 3 இருக்கை, இன்னொன்றில் 4. கண்ணாடி ஜன்னல் இரண்டிலும் கூரை வரை வளைந்தே வரும். சாப்பாட்டைக் காசு கொடுத்தால் இரண்டிலும் இருக்கைக்கே கொண்டுவந்து தருவார்கள். காட்சிக்காக மட்டும் போகிறவர்களுக்கு இரண்டாம் வகுப்பே போதும் என்பதுதான் நேர்மையான பதில்.

ஹோட்டலில் என்ன விசேஷம்?

இரண்டு முனையிலும் இருப்பவை சாதாரண ஊர்கள் இல்லை. ஜெர்மாட்டுக்குள் பெட்ரோல், டீசல் கார் நுழைய முடியாது. டேஷ் என்ற ஊரில் காரை விட்டுவிட்டு ரயிலில்தான் வர வேண்டும். உள்ளே சிறிய மின்சார வண்டிகள், சில பெரிய ஹோட்டல்களுக்குக் குதிரை வண்டி. இங்கிருக்கும் மான்டே ரோசா ஹோட்டலில் தங்கித்தான் 1865 ஜூலையில் எட்வர்ட் விம்பர் குழு 4,478 மீட்டர் மேட்டர்ஹார்னை முதன்முதலில் ஏறியது. ஏறிய 7 பேரில் 4 பேர் இறங்கும்போது விழுந்து இறந்தார்கள். அந்தச் செய்திதான் ஜெர்மாட்டை உலகம் முழுக்கப் பிரபலமாக்கியது.

செயின்ட் மோரிட்ஸின் கதை வேறு. குல்ம் ஹோட்டல் உரிமையாளர் ஜோஹன்னஸ் பாட்ருட், 1864-ல் கோடை விருந்தினர்களாக வந்திருந்த ஆங்கிலேயர்களிடம் பந்தயம் கட்டினாராம்: குளிர்காலத்தில் வாருங்கள், வெயில் அடிக்கும், பிடிக்கவில்லை என்றால் பயணச் செலவு என்னுடையது. வந்தவர்கள் வசந்தம் வரை கிளம்பவே இல்லை என்பது ஊர்க்கதை. ஆல்ப்ஸின் குளிர்காலச் சுற்றுலா அங்கேதான் தொடங்கியது என்று சொல்வார்கள். 1928, 1948 என இரண்டு முறை குளிர்கால ஒலிம்பிக் நடந்த ஊர் இது. அவருடைய குடும்பம் 1896-ல் திறந்த பாட்ருட்ஸ் பேலஸ் இன்றும் நாட்டின் ஆடம்பர ஹோட்டல்களில் ஒன்று.

அந்த விலையெல்லாம் முடியாது என்றால் நடுவில் ஆண்டர்மாட் அல்லது கூர் நகரில் இறங்கி ஒரு இரவு தங்கலாம். கூரில் சாதாரண ஹோட்டல்கள் கிடைக்கும். பயணத்தை உடைத்தால் ஒவ்வொரு பகுதிக்கும் தனியாக முன்பதிவு செய்ய வேண்டும், அது மட்டும் நினைவிருக்கட்டும்.

குறைந்த செலவில் இதையே பார்க்க வழி உண்டா?

உண்டு. இதே தண்டவாளத்தில் உள்ளூர் ரயில்களும் நாள் முழுக்க ஓடுகின்றன. முன்பதிவு தேவையில்லை, பாஸ் செல்லும். ஆண்டர்மாட், டிசென்டிஸ் போன்ற இடங்களில் வண்டி மாற வேண்டும். கண்ணாடிக் கூரை இருக்காது. ஆனால் சில பெட்டிகளில் ஜன்னலைத் திறக்கலாம். சொகுசு ரயிலில் திறக்கவே முடியாது, புகைப்படத்தில் உங்கள் முகமே கண்ணாடியில் பிரதிபலிக்கும்.

பனியாற்றுப் பகுதியைப் பார்த்தே ஆக வேண்டும் என்பவர்களுக்கு அந்தப் பழைய ஃபுர்கா பாதை இருக்கிறது. சுரங்கம் வந்ததும் கைவிடப்பட்ட அதைத் தன்னார்வலர்கள் கையில் எடுத்தார்கள். 1947-ல் வியட்நாமின் தலாத் மலைப் பாதைக்கு விற்கப்பட்டு, காட்டில் துருப்பிடித்துக் கிடந்த தங்கள் பழைய நீராவி எஞ்சின்களை 1990-ல் கப்பலில் திரும்பக் கொண்டுவந்தார்கள். 1992-ல் கொஞ்ச தூரம், 2000-ல் கிளெட்ச் வரை, 2010-ல் ஓபர்வால்ட் வரை பாதை உயிர் பெற்றது. மடிக்கும் பாலம் இன்றும் அதே வேலையைச் செய்கிறது.

எப்போது போகலாம்?

நீராவி ரயில் கோடை மாதங்களில், அதுவும் குறிப்பிட்ட நாட்களில் மட்டும். கிளேசியர் எக்ஸ்பிரஸ் ஆண்டின் பெரும்பகுதி ஓடும். அக்டோபர் நடுவிலிருந்து டிசம்பர் நடு வரை நிறுத்தி வைப்பார்கள். தீபாவளி விடுமுறையில் போகத் திட்டமிடுகிறவர்கள் பலர் இதில்தான் மாட்டிக்கொள்கிறார்கள். பெரும்பாலும் அந்த நேரம் வண்டியே இருக்காது, ஷெங்கன் விசாவுக்கு விண்ணப்பிக்கும் முன்பே ரயில் தேதியைப் பார்த்துவிடுங்கள்.